யாழ்ப்பாணத் தீவகம்: நிலமும் மக்களும் கடல்வழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்குநீரிணையின் ஆழங்குறைந்த கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்றும் சப்த தீவுகள் என்றும் வழங்குவர். இத்தீவுகள் பற்றிய எழுத்துக்களில் இரண்டு கூற்றுக்கள் தவறாது இடம்பெறுகின்றன. தீவகம் கடலாற் பிரிக்கப்பட்ட ஒதுக்குப்புறம் என்பது ஒன்று. அதன் மக்கள் இயல்பாகவே வணிக நாட்டமுடையோர், ஆதலாற் கொழும்பு முதலான நகரங்களுக்குப் பெயர்ந்தனர் என்பது மற்றையது. முதலாவது கூற்று புவியியலின்மீதும், இரண்டாவது மக்களின் சுபாவத்தின்மீதும் பொறுப்பைச் சுமத்துகின்றது. இரண்டிலும் வரலாற்றுக்கு இடமில்லை. தீவகம் என்றுமே ஒதுக்குப்புறமாக இருந்ததன்று. காலப்போக்கில் ஒதுக்குப்புறமாக ஆக்கப்பட்டது. அவ்வாறு ஆக்கப்பட்டதன் படிமுறைகளை நிலம், மக்கள், போக்குவரத்து ஆகிய மூன்றன் தொடர்பில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழருட் கணிசமானோரின் பூர்வீகம் இத்தீவுகளே ஆதலின், இது கொழும்புத் தமிழர் வரலாற்றின் ஒரு கூறுமாகும்.

1. நிலமும் நீரும்

வேலணை, ஊர்காவற்றுறை, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களை உள்ளடக்கிய லைடன் தீவு, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன சப்த தீவுகளாக எண்ணப்படுவன. மண்டைதீவையும் சேர்த்துக்கொண்டால் மக்கள் குடியிருக்கும் தீவுகள் எட்டாகும். இவற்றுள் நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது; கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதும் அதுவே. அதற்கும் அப்பால், எல்லைக்கோட்டுக்கு அருகில் கச்சதீவு உள்ளது. அங்கே நிலையான குடியிருப்பு இல்லை.

குடாநாட்டைப் போலவே இத்தீவுகளும் சுண்ணக்கற் பாறையால் ஆனவை. ஆறுகளோ அருவிகளோ இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழைநீர் பாறைத் துவாரங்களூடாக இறங்கி, உப்புநீரின் மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்ப்படையும். ஆகவே தீவகத்தில் நன்னீர்க் கிணறு என்பது வெறும் இயற்கை வளமன்று, அது சொத்து, அதிகாரமும்கூட. எந்த நிலத்தில் நன்னீர் உண்டோ அந்த நிலம் யாருடையது என்ற வினா, இவ்வூர்களின் சமூக அமைப்பை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

மண்ணின் ஆழம் குறைவு. பனை செழித்து வளர்கின்றது. மழையை நம்பிய நெல்லும், கிணற்றுநீரால் விளையும் புகையிலையும் வெங்காயமும் சில தீவுகளிற் பயிராகின்றன. நெடுந்தீவிற் புற்றரையும் கால்நடையும் மிகுதி. அங்கே காணியெல்லைகள் முருகைக் கற்களை அடுக்கிய மதில்களாக அமைந்துள்ளன. வேளாண்மை மட்டுமே இம்மக்களைத் தாங்கியிருக்க இயலாது என்பது வெளிப்படை. கடலையும் நம்பியே அவர்கள் வாழ்ந்தனர். கடல் அவர்களுக்கு மீன்பிடி நிலமாக இருந்தது போலவே நெடுஞ்சாலையாகவும் இருந்தது.

2. துறைகள் சிறந்த காலம்

தீவகத்தின் தொன்மையை நிறுவுவதற்கு மகாவம்சத்தின் நாகதீபக் கதையையும் மணிமேகலையின் மணிபல்லவத்தையும் மேற்கோள் காட்டுவது வழக்கம். மகோதரன், சூலோதரன் ஆகிய நாக அரசர் இருவரிடையே அரியணை குறித்து எழுந்த பூசலைப் புத்தர் தீர்த்து வைத்த இடம் நயினாதீவே என்பது பௌத்த மரபு. நாகவிகாரை அந்நம்பிக்கையின் சின்னமாக அங்கே விளங்குகின்றது. எனினும் 1936 இல் வெளிப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனம் குறிப்பிடும் நாகதீவம், குடாநாடு முழுவதையும் சுட்டும் பெயராகவே கொள்ளப்படுகின்றது. மணிபல்லவத்தை இப்பகுதியோடு இணைத்த முதலியார் இராசநாயகம் முதலானோரின் கருத்தும் விவாதத்துக்குரியதே. இலக்கியச் சான்றுகளைக் கொண்டு ஒரு தனித் தீவுக்கு உரிமை கோருவதிலும், கல்வெட்டுச் சான்றைக் கொண்டு பொருளாதார வாழ்வை அறிவதே பயனுடையது.

அத்தகைய சான்று நயினாதீவிலேயே உண்டு. நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையைத் தமிழிற் கூறுகின்றது. 1963 இல் பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் பதிப்பித்து ஆராய்ந்தார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியது. பிற பண்டங்கள் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

இவ்வாணையின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் ஒருவன், தீவகத் துறைக்கு வரும் வணிகரை நோக்கித் தமிழில் ஆணை பிறப்பிக்கின்றான். தன் போர்ப்படைக்கு வேண்டிய யானைகளும் குதிரைகளும் வருதற்பொருட்டு, அவற்றின் உரிமையாளருக்குக் கூடிய பங்கை விட்டுக்கொடுக்கின்றான். 12 ஆம் நூற்றாண்டிற் பல நாட்டு வாணிபம் கூடும் வாயிலாகத் தீவகம் கருதப்பட்டமைக்கு இதனினும் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைப்பட்டது. ஊர்காவற்றுறைக்கு அவர்கள் இட்ட பெயர் யானைத் துறை எனப் பொருள்படும். கயிற்ஸ் என்ற பெயர் அதன் சிதைவே. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் அங்கிருந்து இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. துறைமுக வாயிலைக் காக்கக் கடல் நடுவே அவர்கள் எழுப்பிய கோட்டை, 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறி ஹம்மென்ஹீல் எனப் பெயர் பெற்றது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. லைடன், டெல்ப்ற் என்ற இரண்டே இன்றும் வழக்கில் எஞ்சியுள்ளன. யானை, சங்கு, சிவப்புச் சாயத்துக்கான சாயவேர் ஆகியன கம்பனியின் வருவாயாயின. நெடுந்தீவிற் குதிரை வளர்க்கப்பட்டது. இன்று அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் அக்கால முயற்சியின் எச்சமே. அந்நியர் பெயரிட்டதும் கோட்டை கட்டியதும் இத்தீவுகள் ஒதுங்கிக் கிடந்தமையால் அன்று. அவை கடல்வழியின் கழுத்தில் அமைந்திருந்தமையாலேயே.

3. கடல்வழி தளர்ந்தமை

பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்திலும் பாய்க்கப்பல் வாணிபம் அற்றுவிடவில்லை. ஊர்காவற்றுறையிலும் ஏனைய வடபகுதித் துறைகளிலும் இருந்து பனைமரச் சிலாகையும் புகையிலையும் தென்னிந்தியாவுக்குச் சென்றன. நெல்லும் அரிசியும் துணியும் ஓடும் திரும்பி வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக விளங்கியது. பர்மா அரிசியும் தேக்கும் கடல்வழியே வந்தன.

இவ்வமைப்பு மூன்று படிகளிற் குலைந்தது. முதலாவது, தோட்டப் பொருளாதாரத்தின் தேவைக்கேற்பத் தெருக்களும் புகையிரதப் பாதைகளும் கொழும்புத் துறைமுகத்தை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டன. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905 இற் பூர்த்தியானபோது, குடாநாட்டின் முகம் கடலிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பியது. புகையிரதம் தீவகத்துக்கு வரவில்லை. முன்னர் வாயிலாக இருந்த இடம் பாதையின் முடிவுக்கும் அப்பாற்பட்ட இடமாயிற்று. இரண்டாவது, திருவிதாங்கூர்ச் சந்தை 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரிகளாலும் சுவை மாற்றத்தாலும் சுருங்கியது. இரண்டாம் உலகப் போர் பர்மாவோடு இருந்த வாணிபத்தையும் முறித்தது. மூன்றாவது, சுதந்திரத்தின் பின் 1948 ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் சுங்கக் கட்டுப்பாடுகளும் பாக்குநீரிணையை நாட்டெல்லையாக்கின. நேற்றுவரை வணிகமாகவும் உறவினர் பயணமாகவும் இருந்தவை சட்டத்தின் பார்வையிற் கள்ளக்கடத்தலாகவும் கள்ளத்தோணியாகவும் மாறின. கச்சதீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974 ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கை அவ்வெல்லைக்கோட்டைக் கடலில் வரைந்து முடித்தது. அங்குள்ள அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு இரு கரையினரும் கூடும் வழக்கமே பழைய உறவின் மிச்சமாக நிற்கின்றது.

4. கொழும்பிலே தீவகத்தார்

மேற்கூறிய பின்னணியிலேயே தீவக மக்களின் இடப்பெயர்வை விளங்கிக்கொள்ள வேண்டும். குடாநாட்டின் ஏனைய பகுதிகளில், மிசனரிமாரின் ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அண்மையில் வாழ்ந்த நிலவுடைமைக் குடும்பத்தினர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். அவ்வசதி குறைந்திருந்த தீவுகளிலிருந்து பெருமளவினர் கடைச் சிப்பந்திகளாகச் சென்றனர். திருவிதாங்கூர்ச் சந்தையை இழந்த புகையிலை, சுருட்டாகத் தென்னிலங்கைச் சந்தையை நாடியது. சுருட்டுக்கடையே தீவகத்தானின் முதற்படி எனலாம். அதனைத் தொடர்ந்து பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, மொத்த வியாபாரம் என விரிந்தது. புங்குடுதீவினரும் காரைநகரினரும் வேலணையினரும் கொழும்புப் புறக்கோட்டையில் மட்டுமன்றிச் சிங்களக் கிராமப்புறச் சந்திகளிலும் கடை வைத்திருந்தனர்.

இவ்வணிகத்தின் அமைப்பு கவனத்துக்குரியது. ஊரிலிருந்து உறவுப் பையன் ஒருவன் சிறுவயதிற் கடைக்கு அழைக்கப்படுவான். உணவும் உறையுளும் கிடைக்கும். சம்பளம் முதலாளியின் கணக்கில் நிற்கும். பல ஆண்டுகளின் பின் அவனே பங்காளியாகவோ புதுக்கடை முதலாளியாகவோ ஆவதுண்டு. ஆகாமற் போவதும் உண்டு. உறவு இங்கே மூலதனமாகத் தொழிற்பட்டது. அதுவே உழைப்புச் சுரண்டலை மறைக்கும் திரையாகவும் அமைந்தது. ‘இயல்பான வணிக நாட்டம்’ எனப் புகழப்படுவதன் பின்னால் இச்சிப்பந்திகளின் நீண்ட வேலை நேரமும், ஊரிலே தனித்துக் குடும்பம் நடத்திய பெண்களின் உழைப்பும் உள்ளன.

கடலோடிய மரபு முற்றாக மறைந்துவிடவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 1947 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான அல்பிரட் தம்பிஐயா, கொழும்புத் துறைமுகத்திற் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றும் படகுக் கம்பனி ஒன்றின் அதிபர். துறைமுகச் சரக்குப் பணிகள் 1958 இல் அரசுடைமையாகும்வரை அத்தொழில் தனியாரிடம் இருந்தது. ஊர்காவற்றுறையில் மங்கிய துறைமுகத் தொழில் கொழும்பில் வேறு வடிவிற் தொடர்ந்தமையை இது காட்டுகின்றது. கரம்பொனில் 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகள் உலகத் தமிழாராய்ச்சிக்கு அடித்தளமிட்டதும் இத்தீவக மண்ணின் வெளிநோக்கிய மரபோடு இணைத்துப் பார்க்கத்தக்கது.

கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் அண்மையிலுள்ளது. அதனால் வணிகரும் சிப்பந்திகளும் அங்கே குடியேறினர். வெள்ளவத்தையில் உத்தியோகத்தரும் வசதிபெற்ற வணிகரும் காலி வீதியை அண்டி வாழத் தலைப்பட்டனர். எனினும் இக்குடியேற்றம் உறுதியான நிலத்தில் அமைந்ததன்று. 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களில் முதலில் எரிந்தவை தமிழர் கடைகளே. 1983 யூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் பல தலைமுறைகளின் சேமிப்பு சில நாள்களிற் சாம்பலாயிற்று. 1958 இலும் 1983 இலும் கொழும்பு அகதிகள் கப்பல்களிலேயே வடக்குக்கு அனுப்பப்பட்டனர். வணிகத்துக்கு மூடப்பட்டுப்போன கடல்வழி, ஓடித்தப்புவதற்கு மட்டும் திறந்தது.

5. தாம்போதியும் பாதையும்

தீவுகளுக்கிடையிலான போக்குவரத்து வரலாறு, மக்கள் கோரிக்கையின் வரலாறுமாகும். பொன்னாலையையும் காரைநகரையும் இணைக்கும் தாம்போதி பிரித்தானியர் காலத்தது. யாழ்ப்பாண நகரின் பண்ணைக்கரையிலிருந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி வழியாக வேலணைக்குச் செல்லும் தாம்போதி 20 ஆம் நூற்றாண்டிற் பயன்பாட்டுக்கு வந்தது. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதி, அதற்காக முன்னின்று உழைத்த புங்குடுதீவுச் சகோதரர்களின் நினைவாக வாணர் தாம்போதி எனப்படுகின்றது. அரசின் அருளால் மட்டும் அது அமைந்ததன்று என்பதை அப்பெயரே அறிவிக்கின்றது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள குறுகிய கடலை மக்களும் வாகனங்களும் மிதவையிற் கடப்பர். அம்மிதவைக்கு ஊர்வழக்கில் ‘பாதை’ என்றே பெயர். மிதக்கும் கலத்தையே பாதை என அழைக்கும் இவ்வழக்கு, தீவகத்தார் கடலை எவ்வாறு நோக்கினர் என்பதைத் தெளிவாக்குகின்றது. அவர்களுக்குக் கடல் தடையன்று. பாதை இயங்காமையே தடை.

தாம்போதிகளால் இணைக்கப்பட்ட தீவுகளுக்கும் இணைக்கப்படாத தீவுகளுக்கும் இடையே புதியதோர் ஏற்றத்தாழ்வு தோன்றியது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகிலேயே செல்லல் வேண்டும். அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் படகே கதி. நெடுந்தீவுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். கடல் கொந்தளிக்குங் காலங்களில் அதுவும் நிச்சயமில்லை. பிரசவத்துக்குரிய தாயும், பாம்பு தீண்டியவனும், பரீட்சைக்குச் செல்லும் மாணவியும் காற்றின் தயவையும் எஞ்சினின் நிலையையும் நம்பியே புறப்படவேண்டும். நெடுந்தீவுக்கான அரச படகுச் சேவையிற் பல்லாண்டுகள் ஈடுபட்ட குமுதினிப் படகு, அம்மக்களின் வாழ்வோடு ஒன்றியது. 1985 மே 15 அன்று அப்படகிற் பயணம் செய்த இருபதுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினர் என உயிர்தப்பியோர் சாட்சியமளித்தனர். பொதுப் போக்குவரத்து என்பது ஒரு குடிமகனுக்கு அரசு அளிக்கும் மிக எளிய உறுதிமொழி. அன்று முறிந்தது அவ்வுறுதிமொழியே.

6. கிணற்றடியும் துறையும்

தீவகத்தின் தாழ்வுக்கு வெளியாரை மட்டும் பொறுப்பாக்குவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. நன்னீர்க் கிணறும் நிலமும் கோயிலும் சாதி ஆதிக்கத்தின் அரண்களாக இருந்தன. கடலிற் சமமாக உயிரைப் பணயம் வைத்தோர் கரையிற் சமமாக நீர் அள்ள முடியவில்லை. புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல், கோயிலைச் சார்ந்த நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார், கைதாகித் தாக்கப்பட்டார். 1973 இல் அவர் மறைந்தார். அவரது தத்துவ நோக்கோடு முற்போக்கு விமர்சகர்கள் கடுமையாக முரண்பட்டனர். ஆயினும் ஊரின் ஒற்றுமை எனப் பேசப்படுவது யாருடைய தாகத்தின்மீது கட்டப்பட்டது என்ற வினாவை அவர் கிணற்றடியிலேயே எழுப்பினார் என்பதை மறுத்தற்கில்லை. கொழும்பிலே ஈட்டிய பணத்தால் ஊரிற் கோபுரங்கள் உயர்ந்தன, பாடசாலைகளும் எழுந்தன. அப்பணம் கிணற்றடி நியதிகளை எந்த அளவுக்கு மாற்றியது என்ற கணக்கையும் நாம் எடுத்தல் வேண்டும்.

7. வெறுமையும் மீளலும்

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் தமிழகத்துக்கும் மேலைநாடுகளுக்கும் சிதறினர். ஒரு பகுதியினர் கொழும்பை வந்தடைந்தனர். கொட்டாஞ்சேனை விடுதிகளும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளும் இக்கால இடப்பெயர்வால் நிரம்பின. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இலேயே மீண்டது. 2006 இல் கண்டி வீதி மூடப்பட்டபோது குடாநாட்டு மக்கள் மீண்டும் கப்பலிலேயே திருகோணமலைக்குச் செல்ல நேர்ந்தது. ஆளரவமற்ற ஊரின் துயரைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ இலக்கியமாக்கிற்று.

போர் 2009 இல் முடிந்த பின்னர் மக்கள் ஓரளவு மீண்டுள்ளனர். ஆயினும் பூட்டிய வீடுகளும் பற்றை மண்டிய காணிகளும் இன்றும் காணப்படுகின்றன. இந்திய இழுவைப் படகுகள் தீவகக் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இற் சட்டத்தால் தடைசெய்தும் சிக்கல் தீரவில்லை. இரு கரையிலும் உள்ள ஏழை மீனவரை மோதவிட்டு, படகுடைமையாளர் இலாபம் காண்பதே இதன் உட்பொருள். மறுபுறம், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான மின் உற்பத்தித் திட்டம் 2021 இற் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்படவிருந்தது. இந்தியா ஆட்சேபித்ததையடுத்து அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. பேரரசுகள் தீவகத்தை மீண்டும் கடல்வழியின் கழுத்தாகக் காண்கின்றன. அங்கு வாழ்வோருக்கோ நேரத்துக்கு வரும் படகே இன்னமும் முதற் கோரிக்கை.

முடிவாக

பராக்கிரமபாகுவின் காலத்திலிருந்து இன்றுவரை தீவகத்தின் அமைவிடம் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த கடலின் ஆழமும் மாறவில்லை. மாறியவை அக்கடலை யார் ஆண்டனர், எதற்காகப் பயன்படுத்தினர் என்பனவே. துறை வணிகருக்குத் திறந்திருந்தபோது தீவகம் வாயிலாயிற்று. பாதைகள் கொழும்பை மட்டுமே நோக்கியபோது எல்லைப்புறமாயிற்று. எல்லை காவலுக்கு உரியதானபோது சிறையாயிற்று. ஆதலின் தீவகத்தின் பின்னடைவை இயற்கையின் விதியாகக் கொள்ளுதல் தவறு. மனிதர் வகுத்த கொள்கைகளால் விளைந்ததை மனிதர் மாற்றலாம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 இற் தொடங்கி இடைநின்று, 2024 இல் மீண்டும் ஓடத் தலைப்பட்ட பயணிகள் கப்பல், அடைபட்ட கடல்வழி திறக்கப்படக் கூடியதே என்பதைக் காட்டுகின்றது. அது செல்வருக்கும் யாத்திரிகருக்கும் மட்டும் திறந்ததாக அமையாது, அனலைதீவுத் தாயை உரிய நேரத்தில் ஆசுபத்திரிக்குச் சேர்க்கும் படகுச் சேவையோடு ஒரே திட்டமாக நோக்கப்படவேண்டும். அத்தகைய திட்டத்தைக் கோருவோர், ஊரின் கிணற்றடியிலும் அதே சமத்துவத்தைக் கோரும் கடப்பாடுடையோராவர்.